நிவாரணம் வந்திட்டுதோ?

சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை மாலை, யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் ஒரு கட்டடத்தின் மேல்மாடியில், பள்ளிக்கூடத்தில் என்னோடு படித்த ஒருவன் ஒன்றேகால் மணித்தியாலம் தனியாக நின்று ஏறத்தாழ நூறு பேரைச் சிரிக்க வைத்தான். அதில் ஒரு நான்கு நிமிடக் கதை மட்டும் இன்னும் என்னை விட்டுப் போகவில்லை. பரீட்சைத் தாள் திருத்தும்போதும், கிணற்றடியில் நிற்கும்போதும், இரவில் மின்விசிறியின் சத்தத்தைக் கேட்டபடி படுத்திருக்கும்போதும் அந்த நான்கு நிமிடமும் திரும்பத் திரும்ப ஓடுகின்றது. எழுதிவிட்டால் அடங்குமோ என்று பார்க்கிறேன்.

அழைப்பு வந்தது எங்கள் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில். குழுவில் நாற்பது பேருக்கு மேல் இருந்தாலும் யாழ்ப்பாணத்தில் இருப்பவர்கள் ஒன்பது பேர்தான். மற்றவர்கள் எல்லோரும் ரொறன்ரோவிலும் லண்டனிலும் பாரிஸிலும் இருந்துகொண்டு, நாங்கள் இங்கே மாம்பழம் சாப்பிடுகிறோமா என்று கேட்பவர்கள். அவர்கள் கைதட்டும் சின்னங்களை வரிசையாக அனுப்பினார்கள். அவன் எனக்குத் தனியாக ஒரு செய்தி அனுப்பியிருந்தான்: "மச்சான், கட்டாயம் வா. ரிக்கெற் 1000 ரூபா. உனக்கெண்டபடியா 1000 ரூபா." அந்த ஒரு வரியிலேயே, இவன் இந்தத் தொழிலைக் கற்றுக்கொண்டுவிட்டான் என்று எனக்கு விளங்கியது. பகலில் அவன் ஒரு கட்டடப் பொருட்கள் விற்கும் கடையில் கணக்குப் பார்க்கிறான். மாலைகளில், கடந்த மூன்று வருடங்களாக, ஸ்ராண்ட்-அப் கொமடி என்று இளம் பிள்ளைகள் சொல்லும் இந்த வேலையைச் செய்து வருகிறான். சிறிய உணவகங்களிலும் பிறந்தநாள் வீடுகளிலும் பேசிப் பேசிப் பழகி, இப்போது முதல்முறையாகப் பணம் வாங்கிக்கொண்டு ஒரு முழு நிகழ்ச்சி.

பள்ளிக்கூடத்தில் அவன் ஊமை போல இருந்தவன், இப்போது வாய் திறந்தான் என்று ஒரு கதை சொல்ல எனக்கு வாய்ப்பில்லை. அவன் அப்போதும் சாதாரணமாகப் பேசிக்கொண்டிருந்தவன்தான். பகிடி விடுபவன் என்று வகுப்பில் பெயர் வாங்கியிருந்தவன் நான்.

மங்கள விளக்கும் ஒலிவாங்கியும்

யாழ்ப்பாணத்தில் எந்த நிகழ்ச்சியும் அதற்குரிய மரியாதைகள் இல்லாமல் தொடங்காது. சிரிப்பு நிகழ்ச்சியும் அப்படித்தான். மேடையில் ஒற்றை ஒலிவாங்கியும் உயரமான ஒரு கதிரையும் ஒரு தண்ணீர்ப் போத்தலும் இருந்தன. வெளிநாட்டுக் காணொளிகளில் பார்த்த மாதிரியே எல்லாம் இருந்தது. ஆனால் அவற்றுக்கு அருகில் ஆளுயரக் குத்துவிளக்கு ஒன்றும் நின்றது. முன்வரிசையில் வெள்ளை உறை போட்ட ஐந்து கதிரைகள் பிரமுகர்களுக்கென்று ஒதுக்கப்பட்டிருந்தன. ஐந்து மணிக்கு என்று அறிவித்த நிகழ்ச்சி ஐந்தே முக்காலுக்கு மங்கள விளக்கேற்றலுடன் ஆரம்பமானது. இறைவணக்கம், வரவேற்புரை, ஓய்வுபெற்ற அதிபர் ஒருவரின் தலைமையுரை. நகைச்சுவையின் பயன்கள் யாவை என்று அவர் பதினெட்டு நிமிடம் விளக்கினார். இடுக்கண் வருங்கால் நகுக என்ற குறளை இரண்டு தரம் சொன்னார். பிறகு, இன்னும் ஒரு சொல்லும் பேசியிராத என் நண்பனுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள்.

அந்தப் பொன்னாடையைக் கழற்றாமலே அவன் ஒலிவாங்கிக்கு வந்து நின்றான். சபையை ஒருதரம் முழுவதும் பார்த்தான். "பொன்னாடை போத்திப்போட்டினம். வழக்கமா இது எல்லாம் முடிஞ்சு ஆள் போகேக்கதான் போத்துறது," என்றான். அது செத்தவீட்டுக் கதை என்று விளங்க சபைக்கு ஒரு நொடி பிடித்தது. முதலில் சிரித்தவர் தலைமையுரை ஆற்றிய அதிபர்தான். பிரமுகர் சிரித்த பிறகு பின்வரிசைகளுக்கு அனுமதி கிடைத்துவிட்டது. எங்கள் ஊரில் சிரிப்பு எப்போதும் முன்வரிசையிலிருந்துதான் பின்வரிசைக்குப் போகும் என்பதை அவன் கணக்கில் எடுத்திருந்தான்.

எனக்கு இரண்டு வரிசை முன்னால் என்னிடம் உயர்தரத்துக்குக் கணக்கீடு படிக்கும் மாணவர்கள் நான்கு பேர் இருந்தார்கள். "சேர், நீங்களுமோ?" என்று ஆச்சரியப்பட்டார்கள். இது தங்கள் தலைமுறையின் கலை, என் வயதில் ஒருவர் இங்கே வந்திருப்பதே அதிசயம் என்பது அவர்களுடைய எண்ணம். அதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஒற்றை ஆளாக மேடையேறி ஊரைச் சிரிக்க வைப்பது யாழ்ப்பாணத்துக்குப் புதியதல்ல. கே. எஸ். பாலச்சந்திரன் 'அண்ணை றைற்' என்ற தனிநடிப்பில் ஒரு பஸ் கொண்டக்ரராக நின்று, ஏறுகிற சனம் இறங்குகிற சனம் எல்லாவற்றையும் கண்முன் கொண்டுவந்தார்; எங்கள் வீட்டுப் பெரியவர்கள் அந்த வசனங்களை மனப்பாடமாகச் சொல்வார்கள். கோயில் திருவிழாக்களில் சின்னமணியின் வில்லிசையைக் கேட்க விடியவிடிய மணலில் சாக்கு விரித்து இருந்தவர்கள் பக்திக்காக மட்டும் இருக்கவில்லை. 'சிரித்திரன்' நகைச்சுவை இதழில் சுந்தர் வரைந்த கேலிச்சித்திரப் பாத்திரமான சவாரித்தம்பரை விட யாழ்ப்பாணத்து மனிதரை நக்கலடித்தவர் எவரும் இல்லை. அதைக் காசு கொடுத்து வாங்கிப் படித்தவர்களும் அதே யாழ்ப்பாணத்து மனிதர்தான்.

ஆனால் ஒரு வேறுபாடு இருக்கிறது. தனிநடிப்பில் நிற்பவர் இன்னொருவராக நடிக்கிறார். அவர் கொண்டக்ரர் அல்லர் என்று எல்லோருக்கும் தெரியும். இந்தப் புதிய வடிவத்தில் நிற்பவன் "நான்" என்று தொடங்குகிறான். என்ர அம்மா, என்ர பள்ளிக்கூடம், எனக்கு நடந்தது என்று சொல்கிறான். வேடம் இல்லை என்பதுதான் அவன் போட்டிருக்கும் வேடம். சபையும் அதை உண்மை என்றே எடுத்துக்கொள்கிறது. அன்று மாலை வரைக்கும் நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

அந்த நான்கு நிமிடம்

முதல் அரை மணித்தியாலம் வெளிநாட்டு மாப்பிள்ளை, நல்லூர்த் திருவிழாவில் தொலைந்த செருப்பு, கலியாணவீட்டுப் படப்பிடிப்பு என்று போனது. நன்றாகத்தான் இருந்தது. பிறகு 2022 ஆம் ஆண்டின் எரிபொருள் வரிசைக்கு வந்தான். கொழும்பில் உள்ளவர்கள் மூன்று நாள் வரிசையில் நின்று, வாழ்க்கை முடிந்துவிட்டது என்று அழுததைச் சொல்லிவிட்டு, போர்க்காலத்தில் பொருளாதாரத் தடை இருந்த நாட்களின் தன் தகப்பனாரின் மோட்டார் சைக்கிளுக்குத் தாவினான். மண்ணெண்ணெயில் ஓடும், ஆனால் இயக்குவதற்கு ஒரு சொட்டுப் பெற்றோல் வேண்டும், அதை சேலைன் போத்தலில் கட்டித் தொங்கவிட்டு விடுவோம். அறுபது வயதுக்காரர் எல்லோரும் தலையாட்டினார்கள். "அது எங்கட வீட்டில வாகனம் இல்லை. நோயாளி. சேலைன் ஏத்தினாத்தான் எழும்பும்." பக்கத்தில் இருந்த அம்மா ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

அங்கிருந்து 1990 க்குப் போனான். அவர்கள் மயிலிட்டியைச் சேர்ந்தவர்கள். அந்த வருடம் ஆனியில் போரால் வலிகாமம் வடக்கிலிருந்து எழும்பிய ஆயிரக்கணக்கான குடும்பங்களில் அதுவும் ஒன்று. "வெளிக்கிடேக்க அம்மா சொன்னவா, ரண்டு கிழமையில திரும்பிடலாம், அதுவரைக்கும் புத்தகத்தைத் தொடத் தேவையில்லை எண்டு. நான் அம்மா சொல்லுத் தட்டாத பிள்ளை. ஆமி துறைமுகப் பக்கத்தை விட்டது 2017 இல. 27 வருசமா நான் புத்தகம் தொடேல்ல." சபை குலுங்கியது. நானும் சிரித்தேன். நல்ல பகிடி, அதற்குள் ஒரு துறைமுகமே கிடந்தது.

அடுத்து, "பள்ளிக்கூடத்தில எனக்கொரு பட்டம் இருந்தது," என்றான்.

என் வயிற்றில் ஏதோ ஒன்று கீழே இறங்கியது. அவன் என்ன சொல்லப்போகிறான் என்பது அந்த மண்டபத்தில் அவனுக்கு அடுத்தபடியாக எனக்கு மட்டும்தான் தெரியும்.

"நிவாரணம். அதுதான் என்ர பட்டம். எங்கட வீட்டில நிவாரண அட்டை இருந்தது, அதால. வைச்சது ஆர் தெரியுமோ? எங்கட கணக்கு மாஸ்டர். காலமை இடாப்புக் கூப்பிடேக்க என்ர பேரைச் சொல்லமாட்டார். மூக்குக்கண்ணாடியை இறக்கிப்போட்டுக் கேப்பார், 'நிவாரணம் வந்திட்டுதோ?' வகுப்பு முழுக்கச் சேர்ந்து சொல்லும், 'இன்னும் இல்லை சேர், கப்பல் வெளிக்கிட்டிட்டுதாம்!'"

மண்டபம் வெடித்தது. அந்தக் காலத்தில் பருத்தித்துறைக்கு வரும் சாமான் கப்பலைப் பார்த்து நாள் எண்ணிய தலைமுறை சிரித்தது. அதை அறியாத பிள்ளைகள் 'கணக்கு மாஸ்டர்' என்ற சொல்லுக்குச் சிரித்தார்கள். என் மாணவர்கள் நால்வரும் ஒரேயடியாகத் திரும்பி என்னைப் பார்த்து, விரலை நீட்டாத குறையாக, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். கணக்கீடு படிப்பிக்கிற சேர் அல்லவா. பகிடிக்குத்தான் பார்த்தார்கள். ஆனால் மண்டபத்தில் இருந்த நூறு பேரில் சரியான ஆளைத்தான் பார்த்தார்கள். அந்தப் பட்டத்தை வைத்தவன் நான்.

அவன் நிறுத்தவில்லை. "95 ஐப்பசி 30. இரவு. மழை. உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை," என்றான். உண்மையில் யாருக்கும் சொல்லத் தேவையிருக்கவில்லை. போர் நெருங்க, குடாநாட்டின் வலிகாமம் முழுவதும் பக்கத்துத் தென்மராட்சிக்கு இடம்பெயர்ந்த இரவு அது. சிரித்துக்கொண்டிருந்த மண்டபம், நீர்த்தாரையை யாரோ அடைத்தது போல நின்றது. அந்த நிசப்தத்தை அவன் வேண்டுமென்றே நீட்டினான். "அந்த ஒரு இரவில என்ர பட்டத்தை முழு வலிகாமமும் களவெடுத்துப்போட்டுது. அஞ்சு வருசமா நான் ஒருத்தனாக் காவின பேர். விடியேக்க லட்சக்கணக்கான நிவாரணம் தென்மராட்சியில நிக்குது." ஒருவர் சிரிக்க, பிறகு பலர் சிரிக்க, அந்தச் சிரிப்பு முன்னையதைப்போல இல்லாமல் மார்புக்குள் இருந்து வந்தது. "பத்து நாள் கழிச்சு சாவகச்சேரிச் சங்கக்கடை வரிசையில நிக்கிறன். எனக்கு முன்னால ஆர்? கணக்கு மாஸ்டர். கையில புத்தம் புது அட்டை. நான் மெல்ல எட்டிக் காதுக்குள்ள கேட்டன், 'சேர், நிவாரணம் வந்திட்டுதோ?' மனுசன் திரும்பேல்ல. கண்ணாடியை மட்டும் இறக்கிப்போட்டுச் சொன்னார்: 'வந்திட்டுது தம்பி. எனக்குப் பின்னால நிக்குது.'"

எழுந்து நின்று கைதட்டினார்கள். நானும் எழுந்தேன். எல்லோரும் எழுந்தபோது இருந்துகொண்டிருக்க முடியாது.

வரிசையில் உண்மையில் நின்றவர்

நடந்தது இது. 1993 இல், எட்டாம் வகுப்பில், ஒரு காலை அவன் முதலாம் பாடம் தொடங்கிய பிறகு வந்தான். விடியவே சங்கக்கடை வரிசையில் நின்று, சாமானை அவர்கள் ஒதுங்கியிருந்த வீட்டில் கொடுத்துவிட்டு ஓடிவந்திருக்கிறான் என்பது அவனுடைய வெள்ளைச் சட்டையில் இன்னும் வெள்ளையாக ஒட்டியிருந்த கோதுமை மாவிலிருந்து தெரிந்தது. கணக்கு மாஸ்டர், ஏன் பிந்தியது என்று கேட்டார். அவன் வாயைத் திறக்க முதல், மூன்றாம் வாங்கிலிருந்து நான் சொன்னேன்: "சேர், நிவாரணம் வந்திட்டுது."

வகுப்பு சிரித்த சிரிப்பு இப்போதும் என் காதில் இருக்கிறது. என் வாழ்க்கையில் முதன்முதலாக நாற்பது பேரை ஒரே வசனத்தில் சிரிக்க வைத்த நாள் அது. அன்று முழுவதும் நான் தரையில் நடக்கவில்லை. மாஸ்டர் என்னை அதட்டியிருக்கலாம். அவர் "இரும், இரும்" என்று அவனை வாங்கிலுக்கு அனுப்பினார். ஆனால் அதற்கு முன் ஒரு கணம் அவருடைய உதட்டோரம் இளகியது. அந்த இளகலை நான் அனுமதியாக எடுத்துக்கொண்டேன். அதற்கு மேல் அந்த மனிதருக்கும் அந்தப் பட்டத்துக்கும் ஒரு தொடர்பும் இல்லை. ஒருநாளும் அவர் அவனை அப்படிக் கூப்பிட்டதில்லை. கப்பல் வசனமும் என்னுடையதுதான். அடுத்த இரண்டு வருடங்கள், ஆறாம் வகுப்புச் சின்னப் பெடியன்கள் வரைக்கும் அவனை அந்தப் பேரால் பட்டம் தெளித்தார்கள். அந்தப் பேருக்குள் அட்டை மட்டும் இருக்கவில்லை. எங்கள் வீடுகளில் பிள்ளைகளுக்கு முன்னால் குரலைத் தாழ்த்திப் பேசப்படும் ஊர்க்கணக்கு, கடற்கரைக் கணக்கு எல்லாம் இருந்தன. பதின்மூன்று வயதில் எனக்கு அது தெரியாது என்று சொல்லலாம். தெரிந்திருந்தது என்பதுதான் சரி.

பகிடி என்ற நல்ல சொல்லோடு வதையைச் சேர்த்துப் பகிடிவதை என்று ஒரு சொல்லைச் செய்து வைத்திருப்பவர்கள் நாங்கள். 1998 இல் அதைத் தடுக்க ஒரு சட்டமே வந்தது, பல்கலைக்கழகம் முதலான கல்வி நிறுவனங்களுக்கு. எட்டாம் வகுப்பின் மூன்றாம் வாங்கிலை எந்தச் சட்டமும் எட்டிப் பார்ப்பதில்லை.

இனி அந்த வரிசை. கொக்குவிலிலிருந்து செம்மணி வழியாக நாவற்குழியைத் தாண்ட எங்களுக்கு ஓர் இரவு முழுவதும் பிடித்தது. அதை எழுத இங்கே இடமில்லை, வாசிக்கிறவர்களுக்குத் தேவையுமில்லை. மீசாலையில் ஒரு பள்ளிக்கூடத்து வகுப்பறையில் ஆறு குடும்பங்களோடு ஒதுங்கினோம். அப்பாவுக்குக் காய்ச்சல். சங்கக்கடைக்கு என்னை அனுப்பினார்கள். வரிசை என்பது எனக்குத் தெரியாத ஒரு பாடம். எங்கே தொடங்குகிறது, யார் யாருக்குப் பின்னால், பையை எப்படிப் பிடிப்பது என்று ஒன்றும் தெரியாமல் அட்டையை நான்காக மடித்து உள்ளங்கைக்குள் பொத்திக்கொண்டு நின்றேன். வெட்கம். தெரிந்தவர்கள் யாரும் பார்த்துவிடக் கூடாது என்பதுதான் பசியைவிடப் பெரிதாக இருந்தது. அப்போது பின்னாலிருந்து ஒரு கை என் தோளைத் தட்டியது.

அவன்தான். பத்து நாள் மழையில் இரண்டு பேரும் ஒரே நிறமாகியிருந்தோம். நான் அந்த வசனத்துக்காகக் காத்திருந்தேன். சொல்லப்போகிறான், சொல்லத்தான் வேண்டும், அவனுடைய இடத்தில் நான் நின்றிருந்தால் நிச்சயமாகச் சொல்லியிருப்பேன். அவன் என் கையைப் பார்த்தான். "அட்டையை மடிக்காத," என்றான். "மடிப்பில எழுத்து அழிஞ்சா திருப்பி அனுப்பிப்போடுவாங்கள். சட்டைக்குள்ள தட்டையா வை." பிறகு, மாவுக்கு ஒரு பை, சீனிக்கு வேறு பை, சீனிப் பையின் வாயை நூலால் கட்ட வேண்டும் என்று சொன்னான். தன் காற்சட்டைப் பையிலிருந்து ஒரு துண்டு நூலை எடுத்துத் தந்தான். ஐந்து வருட அனுபவம் உள்ளவன். அவ்வளவுதான். அடுத்த சித்திரையில் நாங்கள் வலிகாமத்துக்குத் திரும்பினோம். அவர்கள் கிளாலிக் கடலைக் கடந்து வன்னிக்குப் போனார்கள். 2009 க்குப் பிறகு அவன் திரும்பி வந்தபோது, இருவரும் கைகுலுக்கிக் குடும்பம் விசாரித்தோம். அந்த நூலைப் பற்றியோ அந்தப் பேரைப் பற்றியோ ஒரு சொல்லும் பேசவில்லை. முப்பது வருடம்.

பரமேஸ்வராச் சந்தித் தேநீர்

நிகழ்ச்சி முடிந்து, அவனோடு நின்று படம் எடுக்கிறவர்கள் எல்லோரும் போன பிறகு, பரமேஸ்வராச் சந்திக்குப் பக்கத்தில் ஒரு கடையில் பிளேன்ரீ குடித்தோம். பொன்னாடையை அவன் ஒரு சொப்பிங் பையில் சுருட்டி வைத்திருந்தான். மாடியிலிருந்து இறங்கும்போதே நான் என் மனதுக்குள் இரண்டு முடிவுகளைத் தயாராக வைத்திருந்தேன். ஒன்று, அவன் என்னை மன்னித்துவிட்டான். அதனால்தான் நூறு பேருக்கு முன்னால் என்னைக் காப்பாற்றி, பழியை வேறொருவரின் தலையில் போட்டான். இல்லாவிட்டால், அவன் இன்னும் மன்னிக்கவில்லை. நான் அங்கே இருக்கிறேன் என்று தெரிந்துகொண்டே, எனக்கு மட்டும் கேட்கும்படி அந்தக் கதையைச் சொன்னான். எது என்றாலும் அதற்குரிய மறுமொழி என்னிடம் இருந்தது.

"அந்தக் கணக்கு மாஸ்டர் கதை," என்று தொடங்கினேன்.

"நல்லா வந்தது, என்ன? மூண்டு மாசமா அதைத் திருத்திறன்," என்றான்.

"பட்டம் வைச்சது அவரில்லையே."

"ஓம், நீயெல்லோ," என்றான், சீனியைக் கலக்கிக்கொண்டு. நேற்று மழை பெய்தது என்று சொல்கிற குரல்.

ஏன் மாற்றினாய் என்று கேட்டேன். அவன் எனக்குத் தொழில் விளக்கினான். முதலில் அந்தக் கதையை உள்ளபடியே சொல்லிப் பார்த்திருக்கிறான். சிறுவன் ஒருவன் இன்னொரு சிறுவனைப் பழித்தான் என்றால் சனம் சிரிப்பதில்லையாம். "பெடியன் எண்டா 'பாவம்' எண்டுதுகள். பாவம் எண்டு ஒருக்காச் சொல்லிச்சினமோ, பிறகு பத்து நிமிசத்துக்கு ஒண்டும் எடுபடாது. மாஸ்டர் எண்டா எல்லாருக்கும் ஒரு மாஸ்டர் இருக்கிறார். பெரிய ஆள், கண்ணாடி, பிரம்பு. அவர் வரிசையில நிண்டாத்தான் விழுகிறது தெரியும். நீ விழுறதுக்கு ஒரு உயரம் வேணுமே மச்சான்." கடைசி வசனம், அதாவது மாஸ்டரின் மறுமொழி, ஒரு இரவில் கடைக் கணக்கு முடித்துக்கொண்டிருந்தபோது வந்ததாம். "அதுதான் கதையை நிமித்தினது. அவருக்கும் ஒரு வெட்டுக் குடுத்தாத்தான் சனம் என்னை நம்பும்."

காலமான ஒரு மனிதர்மீது இல்லாத பழியைப் போடுவது சரியா என்று கேட்டேன். என் குரலில் ஒரு நீதி இருந்தது; அது எங்கிருந்து வந்தது என்று எனக்கே வெட்கமாக இருந்தது. அவன் பெயர் சொல்லவில்லையே என்றான். பிறகு கொஞ்சம் யோசித்து, "அவர் அண்டைக்குச் சிரிச்சவர். எனக்கு முன்னால நிண்டபடியா எனக்குத் தெரிஞ்சது," என்றான். அந்த உதட்டோர இளகலை நான் மட்டும் கண்டதாக இத்தனை வருடம் நினைத்திருந்தேன்.

நூலைப் பற்றிக் கேட்டேன். அட்டையை மடிக்காதே என்று சொன்னதை ஏன் சொல்லவில்லை, அதுதானே உண்மையில் நடந்தது என்றேன். அவன் நிமிர்ந்து பார்த்தான். "நூலோ? என்ன நூல்?"

அவனுக்கு அது நினைவில்லை. வரிசையில் என்னைக் கண்டது நினைவிருக்கிறது, ஏதோ சொன்னது நினைவிருக்கிறது. அந்த நாட்களில் எத்தனையோ பேருக்கு அப்படிச் சொல்லிக் கொடுத்தானாம். புதிதாக வந்தவர்கள் எல்லோரும் அட்டையை மடித்துக்கொண்டுதான் நின்றார்கள். மன்னித்தான், மன்னிக்கவில்லை என்ற இரண்டு முடிவுகளும் தேநீர் ஆற முதலே வேலையற்றுப் போயின. என்னைக் காப்பாற்றுவதற்காக அவன் என்னைக் கதையிலிருந்து எடுக்கவில்லை. நான் அந்த இடத்தில் எடுபடவில்லை. தையற்காரர் துணியில் கூடினதை வெட்டி எறிவது போல, மூன்று மாதத் திருத்தத்தில் என்னை வெட்டியிருக்கிறான். முப்பது வருடம் நான் காவிக்கொண்டு திரிந்த குற்றத்துக்கு, பாதிக்கப்பட்டவனின் கதையில் ஒரு வசனத்துக்குரிய இடமும் இல்லை என்பது ஆறுதலாக அல்லவா இருக்க வேண்டும்? எனக்கு அது அவமானமாக இருந்தது. அவமானமாக இருந்தது என்பதுதான் இன்றுவரை என்னைக் குடைகிறது. அப்படியென்றால் நான் வருந்திக்கொண்டிருந்தது அவனுக்காகவா, அல்லது அந்தக் கதையில் ஒரு முக்கியமான ஆளாக இருக்க வேண்டும் என்பதற்காகவா?

வன்னியைப் பற்றி, 2009 ஐப் பற்றி நிகழ்ச்சியில் ஒன்றும் சொல்லவில்லையே என்று பேச்சை மாற்றினேன். "அதுக்கு என்னட்டப் பகிடி இல்லை," என்றான். காசை அவனே கொடுத்தான்.

எழும்பும்போது நான் ஒரு முட்டாள்தனம் செய்தேன். ஒருதரம் உண்மையாக நடந்ததைச் சொல்லிப் பார், மாஸ்டர் வேண்டாம், என்னைச் சொல், நூலையும் சொல் என்று கேட்டேன். மன்னிப்புக் கேட்பதற்குப் பதிலாக, என்னைக் கதைக்குள் சேர்க்கச் சொல்லிக் கேட்கிறேன் என்பது வாயிலிருந்து வந்த பிறகுதான் விளங்கியது. அவன் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தான். "சனம் காசு குடுத்து வருகுது மச்சான்," என்றான். பிறகு, "சரி. சின்ன இடமொண்டில பாப்பம்," என்றான்.

பதினொரு நாள் கழித்து வாட்ஸ்அப்பில் ஓர் ஒலிப்பதிவு வந்தது. ஏதோ ஓர் உணவகம். கோப்பைகளின் சத்தம், குளிர்சாதனப் பெட்டியின் இரைச்சல். சேலைன் மோட்டார் சைக்கிளுக்குச் சிரிக்கிறார்கள். 27 வருடப் புத்தகத்துக்குச் சிரிக்கிறார்கள். பிறகு, "பட்டம் வைச்சது என்னோட படிச்ச பெடியன் ஒருத்தன். நல்ல பகிடிக்காரன்," என்கிறான். என் பெயரைச் சொல்லவில்லை. கப்பலுக்கு ஒருவர் மட்டும் சிரிக்கிறார். ஐப்பசி 30. சாவகச்சேரி வரிசை. "எனக்கு முன்னால அந்தப் பெடியன் நிக்கிறான். அட்டையை நாலா மடிச்சு வைச்சிருக்கிறான். நான் சொன்னன், மடிக்காத, எழுத்து அழிஞ்சிடும். என்ர பொக்கெற்றில நூல் கிடந்தது, அதைக் குடுத்தன்." அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. நான்கு நொடி, ஐந்து நொடி. ஒரு பெண் குரல் "ச்சாய், பாவம்" என்கிறது. யாரைச் சொன்னார் என்று மூன்று தரம் கேட்டும் எனக்குப் பிடிபடவில்லை. யாரோ கதிரையை இழுக்கிறார்கள். அவன் தொண்டையைச் செருமிக்கொண்டு நல்லூர்த் திருவிழாச் செருப்புக்குப் போகிறான். அதற்கும் பெரிதாகச் சிரிக்கவில்லை.

ஒலிப்பதிவுக்குக் கீழே ஒரு வரி எழுதியிருந்தான். "சொன்னனான்தானே. அடுத்த கிழமை மாஸ்டர் திரும்ப வாறார்."